தணக்குமரக் கப்பல் – 9: வலப்பக்கத்து ஓட்டை

கப்பலில் ஓட்டை விழுந்திருந்தது.

லோயிஸ் காபித் தம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். மாமனாரின் மேஜைமேல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்றது அந்தச் சாம்பல் நிறக் கப்பல். நேற்று சாயங்காலம் அவள் அதன் கம்பங்களுக்கிடையே நூல் கட்டி மெழுகு தேய்த்தபோது பக்கவாட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது வலப்பக்கம், தண்ணீர் மட்டத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு மரம் பிய்ந்து கிடந்தது. ஓரங்கள் உள்பக்கமாக மடங்கிச் சிம்பு சிம்பாக நின்றன.

மேஜைக்கு எதிரே ஏசுரத்தினம் உட்கார்ந்திருந்தார். கையில் உளி. வேட்டி மடியெல்லாம் மரத்தூள்.

“மாமா, இன்னா பண்ணீங்க?”

அவர் உளியைப் பார்த்தார். பிறகு ஓட்டையைப் பார்த்தார். யாரோ வந்து செய்துவிட்டுப் போனதைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

“ஜெபம் பண்ணிட்டு வந்து உக்காந்தேம்மா. கைப்பிடிக் கம்பி ஒண்ணு சாஞ்சிருந்துது. நிமித்தலாம்னு குறடு எடுத்தேன். அவ்ளோதான் ஞாபகம்.”

“இது குறடு இல்லியே.”

“இல்ல” என்று சொல்லி உளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரம் கூடவே நடந்தவர்களுக்கு அந்தக் கப்பலைத் தெரியும். இன்றைக்குத்தான் வாசலில் கால் வைக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சித்தூர் சர்வே ஆபீசில் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஏசுரத்தினம். சம்பளக் காலத்திலேயே அவருக்கு ஒரு பைத்தியம். மரத்தில் விமானமும் கப்பலும் செய்வார். வாலிபத்தில் மதராசில் ஒருதரம் பார்த்த இரட்டை இறக்கை விமானம், மூக்கு விசிறி வரைக்கும் அச்சாக, இன்னும் அவர் அறை உத்தரத்தில் தொங்குகிறது. யுத்தம் வந்ததும், வானத்தில் வருவது யார் விமானம் என்று ஆட்களுக்குப் பழக்குவதற்காக, கறுப்புப் பெயின்ட் அடித்த சின்னச் சின்ன ஜப்பான் விமானங்களை, குண்டுவீச்சுக் காவலுக்கிருந்த ஏ.ஆர்.பி.காரர்கள் அவரிடம்தான் செய்து வாங்கிக்கொண்டு போனார்கள். அளவில் நூலிழை பிசகினாலும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். போட்டோவில் இல்லாத ஒரு ஆணியைச் சேர்ப்பதுகூட அவருக்குப் பொய் சொல்கிற மாதிரி.

ஒரே மகன் நேசகுமார். சரக்குக் கப்பலில் வயர்லெஸ் வேலைக்குப் போனான். கலியாணம் முடிந்து, லீவும் முடிந்து கிளம்பும்போது கப்பலின் போட்டோ ஒன்றையும், தானே அளந்து வரைந்த படம் ஒன்றையும் தகப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனான். நாகலாபுரம் காட்டுப் பக்கத்திலிருந்து வரவழைத்த லேசான தணக்கு மரத்தில், ஒரு அடிக்குப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் என்று கணக்குப் போட்டு ஏசுரத்தினம் கப்பலைத் தொடங்கினார். புகைக்கூண்டுக்கு மூங்கில். வட்ட ஜன்னல்களுக்கு, பூட்சில் கயிறு கோக்கும் பித்தளை வளையம். கைப்பிடிக்குக் குண்டூசி. கயிறுகள் மட்டும் மருமகள் பொறுப்பு. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரான லோயிஸ், நூலை முறுக்கி மெழுகேற்றி ஒவ்வொன்றாகக் கட்டினாள். வயர்லெஸ் கம்பிக்கு மட்டும் தலைமயிர்போல மெல்லிய செம்புக் கம்பி.

அப்புறம்தான் அது ஆரம்பித்தது. போன கிறிஸ்துமசுக்கு முந்தின நாள், இடப்பக்கத்து உயிர்ப்படகு ஒன்றை அவர் பிடுங்கி எடுத்துவிட்டார். அதைத் தொங்கவிடும் இரும்புக் கையையும் முறுக்கிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, கை தானாகப் போனது என்றார். ஈஸ்டர் வாரத்தில், மூட்டை தூக்கும் முன்பக்கக் கம்பத்தை வளைத்துவைத்தார். இரண்டு தரமும் விளங்காமல் உட்கார்ந்து அழுதார். நேசகுமாரிடமிருந்து எப்போதாவது வந்த கடிதங்களில் கப்பலைப் பற்றி ஒரு வரி எழுதவும் சென்சார் விடவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு அந்தக் கடிதங்களும் நின்றன. கம்பெனியைக் கேட்டால், இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள்.

“போதும். இனிமே அந்த வீட்ல உனக்கு இன்னா இருக்குது?” என்று லோயிசின் அண்ணன் சுந்தர்ராஜ் பலமனேரிலிருந்து சொல்லியனுப்பியிருந்தான். அழைத்துப் போக இன்று ராத்திரி வருகிறான்.

மாமியார் ஜெபமணிக்கோ மனசில் ஒரே எண்ணம் ஊன்றிவிட்டது. தன் புருஷன் கை இந்தக் கப்பலை என்ன செய்கிறதோ, அது அங்கே கடலில் நடக்கிறது.

அந்த ஜெபமணி இப்போது ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. கப்பலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராக அடுப்படிக்கு நடந்தாள்.

“அத்தை! குடுங்க அதை!”

“உடு என்னை. அடுப்புல வெக்கிறேன். சாம்பலானப்புறம் எதைக் குத்துவாருன்னு பாக்கறேன்.”

லோயிஸ் குறுக்கே போய் நின்றாள். “நீங்க நெனைக்கிறது நெஜமா இருந்தா, இதை எரிச்சா அங்க இன்னா ஆவும்? அதை யோசிச்சீங்களா?”

ஜெபமணி நின்றுவிட்டாள். அடுப்பின் அனல் முகத்தில் அடித்தது. நின்ற வேகத்தில் கம்பங்களுக்கு நடுவிலிருந்த செம்புக் கம்பி அதிர்ந்து, காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு முனகல் எழுந்தது.

பின்னாலேயே வந்து நின்ற புருஷனை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, நீங்க செய்யறதால அங்க நடக்குதா? இல்ல, அங்க நடக்கறதால நீங்க செய்யறீங்களா? அது ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க எனக்கு.”

“தெரியலியே, ஜெபமணி.”

அந்த நேரத்தில்தான் வாசலில் குரல் கேட்டது. நகரியிலிருந்து புடவை மூட்டையோடு வாரம் தவறாமல் வருகிற உமாபதி. ஆனால் மூட்டையை இறக்கவில்லை.

“டீச்சரம்மா, ஒரு சேதி. எங்க தெருவு செங்கம்மா மவன் தாமோதரன் கப்பல்ல சமையக்கட்டு வேலைக்குப் போயிருந்தான். நூலு கெடைக்கலன்னு தறியை மூட்டை கட்டிட்டுப் போனவன். இப்போ திரும்பி வந்துட்டான். அந்தக் கப்பல்ல சித்தூர்க்காரரு ஒருத்தரு வயர்லெஸ் வேலையாம். ஏசு சாமி கும்பிடற வேதக்காரராம்.”

லோயிஸ் வாசற்படி இறங்கி வந்தாள். “அவுரு எங்க இருக்காராம்? இன்னா சொன்னாரு?”

“அதாம்மா இல்ல. வந்ததுலேர்ந்து யாருகிட்டயும் வாயே தொறக்கல. முடி குடுத்துட்டுத்தான் பேசுவேன்னு வேண்டிக்கினு இருக்கானாம். ஆயிக்கு ஏதோ மண்ணுல எழுதிக் காட்டினதுதான் இவ்ளோவும். நேத்து திருப்பதி மலைக்குப் போனாங்க. இன்னிக்கு மத்தியானம் கீழ எறங்கிடுவாங்க. கோவிந்தராஜசாமி கோயிலாண்ட சத்திரத்துல சோறு துன்னுட்டு, சாயங்கால வண்டிக்கு நகரி போய்டுவாங்க. பாக்கணும்னா இப்பவே கெளம்பினாத்தான் உண்டு.”

உமாபதி மூட்டையோடு தெருவில் இறங்கி நடந்தார்.

“நான் போறேன்” என்றார் ஏசுரத்தினம். “கப்பலையும் எடுத்துக்கினு போறேன். அந்த ஆளு பாக்கட்டும்.”

“நானும் வரேன் மாமா.”

ஜெபமணி கப்பலை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு படுத்துவிட்டாள் என்று லோயிஸ் நினைத்தாள். ஆனால் அவள் வெளியே வந்தபோது பழைய சோப்புப் பெட்டி ஒன்றும், மடித்த நூல்புடவை ஒன்றும் கையில் இருந்தன. புடவையைப் பெட்டிக்குள் மெத்தைபோல விரித்தாள்.

“புளிச்சோறு கட்டிக்கறேன். ஓட்டைப் பக்கம் மேல இருக்கிற மாதிரி வையுங்க” என்றாள்.

ரயிலில் நிற்க இடமில்லை. சண்டைக் காலம். பாதிப் பெட்டிகளைப் பட்டாளத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஜில்லா முழுக்க அடைத்து அனுப்பினார்கள். புண்ணியவான் ஒருவர் நகர்ந்து ஜெபமணிக்கு மட்டும் இடம் கொடுத்தார். கப்பல் பெட்டியைக் கீழே வைத்தால் மிதித்துவிடுவார்கள். ஆகவே கிறிஸ்துமஸ் தொட்டு எதன் முகத்தில் விழிக்கவே வெறுத்தாளோ, அந்தக் கப்பலை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் ஜெபமணி.

வண்டி பூதலப்பட்டு தாண்டியபோது அவள் மருமகளின் முந்தானையை இழுத்தாள்.

“லோயிசு, இது முனகுது.”

“வண்டி ஆட்டத்துக்குக் கம்பி அதிருது அத்தை.”

“அப்டியா?” என்றாள் ஜெபமணி. நம்பவில்லை, ஆனாலும் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாகாலாவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. சக்கரச் சத்தம் ஓய்ந்தது. ஜனங்கள் காபி குடிக்க இறங்கியதில் ரயில்பெட்டியே அமைதியாகிவிட்டது. வண்டி ஒரு துளி ஆடவில்லை. லோயிஸ் குனிந்து காதைக் கொடுத்தாள்.

முனகல் நிற்கவில்லை. விட்டு விட்டு வந்தது. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. மறுபடி நீளமாக, தந்தி அடிக்கிற மாதிரி.

அவள் உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்து அழுத்தினாள். நின்றது. கையை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. திருப்பதி வரும்வரை எடுக்கவேயில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவுமில்லை.

திருப்பதியில் தூறல். மலையின் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் தெருவெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தன. சத்திரத்துக் கூடத்தில் ஒரு மூலையில், தூணுக்குப் பின்னால் மகனை உட்காரவைத்துச் செங்கம்மா தயிர்சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து வயதுப் பையன். பார்த்தால் அப்படித் தெரியாது. உதடெல்லாம் வெடித்து ஆறின தழும்பு. முழங்காலுக்குக் கீழே தோல் வேறு நிறத்தில் பளபளத்தது. இலையை இடது கையால் வளைத்து மறைத்துக்கொண்டுதான் அவன் சாப்பிட்டான். தண்ணீரைத் தொண்டைக்குள் விடாமல் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினான். காலியான தம்ளரைக் கவிழ்த்து, உள்ளங்கையில் விழுந்த துளியை நக்கினான்.

ஏசுரத்தினம் எதிரே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

“தம்பி, நாங்க சித்தூரு. நேசகுமாரைப் பெத்தவங்க. இந்தப் பொண்ணு அவன் சம்சாரம்.”

தாமோதரன் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். “வயர்லெஸ் சாரு” என்றான். பேசிப் பழகாத குரல், கரகரத்தது. “எனக்கு ‘அ’ போட்டுக் குடுத்தாரு. கடுதாசி எழுதக் கத்துக்கோன்னு சொல்லுவாரு.”

ஜெபமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏசுரத்தினம் பெட்டியைத் திறந்து புடவையை விலக்கினார். கப்பலை எடுத்து அவன் முன்னால் தரையில் வைத்தார்.

தாமோதரன் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனான். முதுகு தூணில் முட்டியது. அதற்குமேல் போக இடமில்லாமல் கால்களை மடக்கிக்கொண்டான்.

“யாரு?” என்றான். “எனக்கு முன்னாடி யாரு வந்தாங்க? யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

“யாரும் வரல தம்பி. போட்டோ பாத்துச் செஞ்சேன்.”

“பொய் சொல்லாதீங்க சாரு! போட்டோல இது இருக்காது.” விரலால் சுட்டினான். தொடவில்லை. “இந்தப் பக்கத்துப் படகு புயல்ல போச்சு. அலை வந்து வாரிக்கினு போச்சு. இரும்புக் கையி இதே மாதிரிதான் முறுக்கிக்கினு நின்னுது. இந்தக் கம்பம், லாரி ஒண்ணை எறக்கும்போது வளைஞ்சுது. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். அப்புறம்…” விரல் கீழே இறங்கிச் சிவப்புக் கோட்டுக்கு வந்து நின்றது.

“சொல்லுப்பா” என்றாள் ஜெபமணி. “நாங்க தாங்கிக்கறோம்.”

“இங்கதான் வந்து அடிச்சுதும்மா. காலைல. நான் டீக்கப்பு கழுவிக்கினு இருந்தேன். இதே எடம்.”

சத்திரத்தில் எங்கேயோ ஒரு பாத்திரம் உருண்டது. செங்கம்மா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை. இத்தனை நாள் அடைத்துவைத்தது ஒரேயடியாக வந்தது.

“கப்பலு சாயுது. எல்லாரும் குதிக்கிறாங்க. வயர்லெஸ் சாரு ரூமை உட்டு வரல. டொக்கு டொக்குனு தந்தி அடிச்சிக்கினே இருக்காரு. கதவு வழியா பாத்துக் கூப்ட்டேன், நீ போடான்னாரு. நான் மெதவைல ஏறினப்புறம் பாத்தா மேல் தட்டுலேர்ந்து குதிச்சாரு. மெதவை ரெண்டு. அவுரை அந்த இன்னொண்ணுல இழுத்துப் போட்டாங்க. என் கண்ணால பாத்தேம்மா. ஏறி உக்காந்தாரு. கைய ஆட்டினாரு.”

“அப்புறம்?” என்று கேட்டது லோயிஸ்.

“ரெண்டு நாளு எங்களுக்கு எதிர்க்கவே மெதந்துக்கினு இருந்துது. அவங்க கைய ஆட்டுவாங்க, நாங்களும் ஆட்டுவோம். மூணாம் நாளு விடிஞ்சி பாத்தா வெறும் கடலுதான் இருந்துது. எங்களை ஒரு வெள்ளைக்காரன் கப்பலு தூக்கிச்சு. அவங்களை…” தலையை ஆட்டினான். “தெரியலம்மா. சாமி சத்தியமா தெரியல.”

ஏசுரத்தினம் தன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். “நான் இன்னிக்குக் காலைலதான் ஓட்டை போட்டேன்” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அதைக் கேட்டதும் லோயிசின் மனசில் ஏதோ அசைந்தது.

“இது எந்த மாசம் நடந்துது?” என்று கேட்டாள்.

“அடிச்சதா? சித்திரை.”

இது ஐப்பசி. “படகு போனது?”

“அதுக்கு முந்தின வருசம். ஆனி மாசம், காத்து காலம்.”

“கம்பம் வளைஞ்சது?”

“புரட்டாசி. சனிக்கெழமை, நான் ஒருபொழுது இருந்தேன், நல்லா ஞாபகம் இருக்குது.”

ஆனியில் போன படகை மாமா கிறிஸ்துமசுக்குப் பிடுங்கினார். புரட்டாசியில் வளைந்த கம்பத்தை ஈஸ்டருக்கு வளைத்தார். சித்திரையில் விழுந்த ஓட்டையை இன்றைக்குப் போட்டார். விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அரை வருஷம் கழித்து. சென்சார் கையில் மாட்டித் தாமதமாக வருகிற தபால் மாதிரி.

“அத்தை” என்றாள். “மாமா செஞ்சதால எதுவும் நடக்கல. எல்லாம் நடந்து முடிஞ்சப்புறம்தான் அவுரு கை செய்யுது. அவுரு கை முன்னாடி போவல அத்தை. பின்னாடி வந்துக்கினு இருக்குது.”

ஜெபமணி இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் புருஷனின் வலது கையைப் பிடித்து இழுத்தாள். நகக்கண்ணில் காலையில் ஒட்டிய மரத்தூள் இன்னும் இருந்தது. முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அப்போ, மூணாம் நாளுக்கப்புறம் இன்னா ஆச்சுன்னு இந்தக் கைக்குத் தெரியுமா?”

செங்கம்மாதான் முதலில் எழுந்தாள். மகனைக் கைத்தாங்கலாகத் தூக்கினாள். அவள் கண்ணில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

“போதும்மா, எங்களை உட்டுடுங்க. இப்பத்தான் வாய் தொறந்திருக்கான். இதைப் பாத்து மறுபடியும் மூடிக்கப் போறான்.”

போகிறபோது தாமோதரன் ஒருதரம் திரும்பினான். “சாரு” என்றான், “அதை வீட்ல வெச்சிக்காதீங்க. அது எறந்துபோன கப்பலு.”

தூறல் நின்றிருந்தது. பெட்டியை இப்போது ஏசுரத்தினமே சுமந்தார். லோயிஸ் கூடவே நடந்து, யாருக்கும் தெரியாமல் இரண்டு மூன்று தரம் காதைக் கொடுத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு சத்தமுமில்லை. கல் தடுக்கிக் குலுங்கியபோதுகூட அந்தக் கம்பி பேசவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் செம்மரப் பொம்மைக் கடைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றின் முன்னால் ஏசுரத்தினம் நின்றுவிட்டார். பொம்மைகளை அவர் பார்க்கவில்லை. கடைக்காரனின் காலடியில் கிடந்த துண்டு துணுக்குகளைப் பார்த்தார். பெட்டியை லோயிசிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, முழங்கை நீளத்தில் ஒரு வெள்ளைக் கட்டையை எடுத்துப் புரட்டினார்.

“ஏமி காவால, சாமி? என்ன வேணும்?” என்றான் கடைக்காரன்.

ஏசுரத்தினம் காதில் வாங்கவில்லை. அவர் கட்டைவிரல் மரத்தின் இழையைத் தடவிக்கொண்டிருந்தது. லோயிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். காலையில் உளியைப் பிடித்திருந்தபோது இருந்த அதே பார்வை. ஆள் இங்கே இல்லை.

தடுப்பதா, விடுவதா? ஜெபமணியைப் பார்த்தாள். ஜெபமணியின் முகம் வெளுத்திருந்தது. அடுத்து அந்தக் கை எதைச் செதுக்கும்? கவிழ்ந்த மிதவையையா? ஆளில்லாத பலகையையா? தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பிள்ளை உயிரோடு இருப்பான்.

“கட்டையும் வேணும், சின்னதா ஒரு கத்தியும் வேணும்” என்றாள் ஜெபமணி கடைக்காரனிடம். கீரைக்காரியிடம்கூட வாதாடாமல் வாங்காதவள், அவன் கேட்டதைப் பேசாமல் கொடுத்தாள். கத்தியைப் புருஷன் கையில் தானே வைத்து விரல்களை மூடினாள்.

“செய்யுங்க” என்றாள். “எதுவா இருந்தாலும் செய்யுங்க.”

திரும்புகிற வண்டி பாகாலா வரைக்கும்தான். அங்கே இறங்கி, சித்தூர் வழியாகப் போகிற காட்பாடி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். வெயில் மழைமேகத்துக்கு அடியில் புகுந்து மஞ்சளாகச் சாய்ந்து வந்தது. ஏசுரத்தினத்தின் கத்தி ஒரு சீராகப் போய்க்கொண்டிருந்தது. சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. அளவுகோல் இல்லை, பென்சில் இல்லை, படம் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அளக்காமல் செதுக்குகிறார்.

“அண்ணன் ராத்திரி வருவாரு அத்தை” என்றாள் லோயிஸ்.

“ம்.”

“நான் போவல.”

ஜெபமணி கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்போ போனதும் அவுருக்கும் சேத்து அரிசி போடணும்” என்றாள்.

மரத்தில் உருவம் தெரிய ஆரம்பித்தது. மிதவையாக இருந்தால் தட்டையாக இருக்கும். இது அப்படி இல்லை. அடிப்பக்கம் குடைந்து வளைந்தது. முன்பக்கம் நீளமாக நீண்டு, தண்ணீருக்குமேல் சாய்ந்து ஏறியது. பின்பக்கம் அகலமாக உயர்ந்தது. உதிர்ந்த குச்சி ஒன்றை எடுத்து நடுவில் நட்டார். நேராக அல்ல, முன்பக்கமாகச் சாய்த்து. அதன்மேல் இன்னொரு நீண்ட குச்சியைக் குறுக்காக, ஒரு முனை தாழ்ந்து மறுமுனை மேலே போகும்படி பொருத்தினார். இதுபோல ஒரு படகை லோயிஸ் பார்த்ததில்லை. மாமாவின் அறையில் இருக்கிற படங்கள் எதிலும் இது கிடையாது. அவை எல்லாவற்றுக்கும் அவள்தான் தூசி தட்டுகிறாள்.

அடுத்த பெஞ்சில் தலைப்பாகைக்காரர் ஒருவர் வெல்ல மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். வேதாச்சலம் என்று பெயர். கங்காதர நெல்லூரில் மண்டி வைத்திருக்கிறார். வெகுநேரமாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

“பேஷ்! அப்படியே இருக்குதே! இதை எங்கய்யா பாத்தீங்க?”

ஜெபமணி விருட்டென்று நிமிர்ந்தாள். “உங்களுக்கு இது இன்னான்னு தெரியுமா?”

“தெரியாமே என்னம்மா? வெல்லம் போட்டுக்கினு வருசா வருசம் கள்ளிக்கோட்டை போறவன் நான். அங்க கடற்கரையில நிக்கும். அரபுக்காரங்க படகு. பேரீச்சம்பழம் ஏத்திக்கினு வருவாங்க. சண்டை வந்தப்புறமும் அவங்கதான் பயப்படாமே வந்து போய்க்கினு இருக்காங்க. எஞ்சின் கிடையாது, சத்தம் கிடையாது. எங்க போறான், எப்போ கரை சேருவான்னு அவனுக்கே தெரியாது.” அவர் இன்னும் குனிந்து பார்த்தார். “பாய்மரம் சாஞ்சிருக்கிறதுகூட அச்சு! எந்தத் துறைமுகத்துலய்யா பாத்தீங்க?”

கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. ஏசுரத்தினம் தலை நிமிரவில்லை. ஆனால் பேசினார். காலையிலிருந்து அவரிடம் இல்லாத ஒரு தெளிவு அந்தக் குரலில் இருந்தது.

“நான் கடலையே ரெண்டு தரம்தாங்க பாத்திருக்கேன். இதை நான் பாக்கல.” படகின் நடுவே பாய்மரத்து அடியில் ஒரு இடத்தைக் கத்தி முனையால் வழித்துச் சமப்படுத்தினார். படகு அளவுக்கு ஒரு ஆள் படுக்கிற நீளம் இருந்தது. “என் புள்ள பாத்திருக்கான்.”

ஜெபமணி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வேதாச்சலம் ஒன்றும் விளங்காமல் இவரையும் அவளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொலைவில் வண்டி ஊதியது. படகுக்குப் பின்னால் மிச்சமிருந்த பாதிக் கட்டையில் இன்னும் கத்தி படவில்லை. கை நிற்காமல் அந்தப் பக்கம் திரும்பியது.